ஷூவின் உள்பக்கத்தைப் பார்த்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா ஆலங்காயத்தில், கூலி வேலை செய்த பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா இறந்ததும் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்தார். பொறுமைசாலி. எனக்கு அந்தப் பொறுமை இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கம்பெனி ஜப்பானுக்கு அனுப்பிய ஷூ அங்கே விற்கவில்லை. வெளிநாட்டு விற்பனைக்கென்று ஒரு மேனேஜர் இருந்தார். எந்த நாட்டுக்காரனுக்கு எது பிடிக்கும் என்று படித்துப் பட்டம் வாங்கியவர். ஜப்பான்காரர்களுக்குப் பூ பிடிக்கும் என்று அட்டைப்பெட்டியில் இளஞ்சிவப்புப் பூ அச்சடித்தார். பெட்டி அழகாகத்தான் இருந்தது. ஷூ திரும்பி வந்தது.

மாதிரி ஷூ செய்யும் சாம்பிள் பிரிவில் இருந்த அக்கா அவரிடம் போய்ச் சொன்னார்.

"போன்ல பாத்தேன் சார், அவங்களும் நம்மள மாதிரி வாசல்லயே கழட்டிட்டுத்தான் உள்ள போறாங்க. கழட்டி வெச்சா உள்பக்கம்தான சார் தெரியும்? நம்ம ஷூ உள்ள பாருங்க, பசைக் கறை, நூல் பிசிறு. லேஸ் அவுக்கறதுக்குள்ள பேஜார் ஆவுது."

"இன்னாம்மா, நீ ஜப்பான் போய்ட்டு வந்தியா?"

"போவல சார். கோயில் வாசல்ல செருப்பு வுட்டிருக்கேன்."

கூட இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அக்காவே ஒரு ஜோடி செய்தார். உள்ளே ஒரு பிசிறு இல்லை. லேஸ் அவிழ்க்காமலே கழற்றலாம். ஷூ வாங்க ஜப்பானிலிருந்து வந்தவர் அதைப் போட்டு, கழற்றி, உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்த்து ஆர்டர் கொடுத்தார். "இது எங்கள் ஆய்வு" என்று கூசாமல் சொன்னார் மேனேஜர். பிறகு பெரிய ஓட்டல்களில் மேடையேறி, பிற நாட்டுப் பண்பாட்டை அறிவது எப்படி என்று பேச ஆரம்பித்தார். பத்தடி தூரத்தில் வேலை செய்தவரை அறியத் தெரியாத மனிதர்!

அது அக்கா செய்தது என்று மேனேஜர் ஒரு முறை சொல்ல வேண்டும். அக்கா கேட்டது அவ்வளவுதான். அவர் சொல்லவில்லை. நான் வீட்டில் அவரைத் திட்டிக் கத்தினேன். "வுடுடா தம்பி, அந்தாளுக்குச் சொல்லிக்க அது ஒண்ணுதான் இருக்குது" என்றார் அக்கா. ஆனால் புற்றுநோயில் படுத்த பிறகும், பார்க்க வந்த பெண்களிடம், "சொன்னாரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் முறை வைத்துத் துணையிருந்த தையல் பிரிவுச் சகோதரிகளுக்கும், எந்த நேரத்திலும் ஆட்டோ எடுத்து வந்த எதிர்வீட்டு அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அக்கா இறந்ததும் நாங்கள் கொண்டுவரும் இந்த நினைவு மலருக்கு மேனேஜரும் இரங்கல் செய்தி அனுப்பினார். "என் வழிகாட்டுதலில் வளர்ந்தவர்" என்று எழுதியிருந்தார். அதை அச்சிடவில்லை. அந்தப் பக்கத்தில் அந்த ஷூவின் படத்தைப் போட்டிருக்கிறோம். கீழே ஒரே வரி: செய்தவர், எங்கள் அக்கா.