டின்னுக்குள் விழுந்த மட்டி

ஏழு வயதாகியும் எங்கள் மகளுக்குப் பேச்சு வரவில்லை. கைகளும் சொன்னபடி கேட்கமாட்டா. வாவிக்கரையில் நான் பொறுக்கி வந்த மட்டிச் சிப்பிகளைப் பால்மா டின்னுக்குள் ஒவ்வொன்றாகப் போடுவதுதான் அவளுடைய ஒரே விளையாட்டு. சிப்பி விழுந்து ‘டிங்’ என்றதும் தலையைச் சாய்த்துச் சிரிப்பாள். அடுத்ததைத் தரச் சொல்லி என் விரலைப் பிடித்து இழுப்பாள். அவள் எங்களோடு கதைத்தது அப்படித்தான்.

இரண்டாம் ஈழ யுத்தம் தொடங்கிய வருடம், ஆடி அமாவாசை கழிந்த வெள்ளிக்கிழமை காலை, எங்கள் ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு. பக்கத்து வீட்டு அக்கா வேலியால் எட்டி என் மனைவியைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, ஆமி வாறான். அந்தச் சத்தத்த நிப்பாட்டுகா! ஆருக்கோ சைகை குடுக்கிறம் எண்டு நினைப்பான்.”

டின்னைப் பறித்தால் மகள் கத்துவாள். அதனால் மனைவி பழைய சேலைத் துண்டொன்றை மடித்து டின்னின் அடியில் வைத்தாள். மகள் சிப்பியைப் போட்டாள். சத்தமில்லை. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இன்னொன்றைப் போட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

ஆமி எங்கள் வீட்டுக்குள் வராமலே போய்விட்டது. பின்னேரம் துணியை எடுத்துவிட்டு நானே ஒரு சிப்பியைப் போட்டேன்.

“இஞ்ச பாருகா மகள், சத்தம் வந்திட்டு!” என்றாள் மனைவி.

மகள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த ஆடி அமாவாசைவரை தினமும் போட்டுக் காட்டினோம். என் விரலை அவள் பிறகு பிடித்து இழுக்கவே இல்லை.