பெயரில்லாத ‘அவுக’

இரட்டை ஹாரன். முதலில் நீளமாக ஒன்று, பிறகு கொஞ்சுவதுபோலக் குட்டையாக ஒன்று. போன மாதம் ஏதோ ஒரு சாலையில் அதைக் கேட்டதும் கால் விரல்கள் செருப்புக்குள் சுருண்டுகொண்டன. முப்பது வருடம் கழித்தும் உடம்புக்குத்தான் முதலில் தெரிகிறது. மனசு மெதுவாகப் பின்னால் வருகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். பரளச்சிப் பக்கம் எங்கள் ஊர். காலை ஏழரைக்கு ஒரு தனியார் பஸ். நான் அருப்புக்கோட்டையில் கல்லூரி இரண்டாம் வருடம்; பக்கத்து வீட்டுப் பெண் அங்கே ஒன்பதாம் வகுப்பு. பதினான்கு வயது. அவளுடைய அய்யா லோடு லாரியில், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அம்மா காட்டு வேலையில். பஸ்ஸில் அவளுக்குத் துணை நான். ஜன்னலோரம் உட்கார்ந்து, கரிசலைப் பார்த்தபடி, மனசுக்குள் கவிதை வரி கோத்துக்கொண்டு வருகிற துணை.

டிரைவருக்கு முப்பது வயதிருக்கும். எங்கள் தெரு முனையில் மட்டும் அந்த ஹாரன். அவள் ஓடி வரும்வரை வண்டி நிற்கும். “எம்புட்டு நல்ல மனுசன்” என்றது தெரு. இஞ்சின் பெட்டிக்குப் பக்கத்து இடம் அவளுக்கு. டேப்பில் அவளுக்குப் பிடித்த பாட்டு. “ஏலே, பாப்பாவுக்கு டிக்கெட்டு கிழிச்சுராத, அழுதுரும்” என்பான் கண்டக்டரிடம். பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரித்தேன்.

பிறகு அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸுக்குள் ஒரு கைக்கடிகாரம் பார்த்தேன். கையில் கட்டாத கடிகாரம். யார் கொடுத்தது என்றதற்கு, “பிரெண்டு” என்று மூடிவிட்டாள். வாயாடியாக இருந்தவள், என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். பாட்டு மாறும்போதெல்லாம் முன்கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடிக்குள்ளிருந்து அவன் அவளைப் பார்த்தான். எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றோடு ஒன்றைச் சேர்க்கத்தான் இல்லை.

முழுப் பரீட்சைக்கு முந்தின மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். பஸ் இறங்கி நடக்கும்போது சொன்னாள்.

“நாளைக்கு எனக்கு ஸ்பெசல் கிளாஸு, அக்கா. அம்மா கேட்டா நீயும் அப்படியே சொல்லு.”

“கிளாஸுக்கு எதுக்குடி பையில தாவணி?”

“அவுகதான் மாத்துத்துணி எடுத்துக்கிறச் சொன்னாக. மதுரைக்குப் போயிட்டு பொழுது சாயுறதுக்குள்ள வந்துருவோம். யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னாக.”

அவுக. எங்கள் பக்கம் மரியாதைக்குரிய எவரும் அவுகதான். ஆனால் டாக்டர், வாத்தியார், பெரியப்பா என்று முன்னால் ஆள் இருக்கும். ஆளே சொல்லாமல் மொட்டையாக ‘அவுக’ என்றால், அது பெண்டாட்டி புருசனைச் சொல்கிற சொல். என் அம்மா என் அப்பாவைச் சொல்வது. போன மாதம்வரை அவன் இவளுக்கு ‘டிரைவரண்ணன்’. ஒரு குழந்தையின் வாயில் இந்தச் சொல்லை எத்தனை நாள் உட்கார்ந்து ஊட்டியிருப்பான்! ஹாரன், பாட்டு, கடிகாரம், கண்ணாடி எல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்து கோத்துக்கொண்டன.

“அம்மாட்ட சொன்னா, ஒங்கூடப் பேசவே மாட்டேன்” என்றாள்.

சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும். அவள் அய்யா காதுக்குப் போனால் படிப்பு அன்றோடு முடிந்தது. அடுத்த முகூர்த்தத்தில் தாய்மாமனுக்குக் கட்டிவிடுவார். சொல்லாவிட்டால் நாளைக்கு மதுரை. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவிலிருந்த சந்தில் நாலு தடவை நடந்தேன்.

அவள் அம்மாவை நான் சின்னம்மா என்பேன். வாசலில் பருத்திக் காயிலிருந்து பஞ்சு பிரித்துக்கொண்டிருந்தவரிடம், மகள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்துச் சொன்னேன். பஞ்சை உதறிவிட்டு எழுந்தார்.

“வரட்டும் சிறுக்கி. காலை ஒடிக்கேன்.”

“அடிச்சீகன்னா அவன்கிட்டத்தான் ஓடுவா சின்னம்மா. தப்பு அவ பண்ணல.”

உதறிய பஞ்சைக் குனிந்து பொறுக்கினார். “அவ அய்யாவுக்கு இது தெரியவேணாம்” என்றார் கடைசியில்.

மறுநாள் காலை தலையை முடிந்துகொண்டு, “நானும் டவுனுக்கு வாரேன்” என்று மகளோடு பஸ் ஏறினார். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. அன்று ஓட்டியது வேறு டிரைவர். டவுனுக்கு முந்தின நிறுத்தத்தில் ஒரு வெள்ளை வேன். பக்கத்தில் வெளுத்த சட்டையில் அவன்.

சின்னம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடி இறங்கினார். பின்னால் நான்.

“என்ன தம்பி, ஸ்பெசல் கிளாஸு இங்கனயா நடக்கு? நானும் ரெண்டு எழுத்துப் படிச்சுக்கிறேன், ஏறிக்கிறவா?”

டீக்கடையில் தலைகள் திரும்பின.

“அம்மா, நீங்க யாரையோ நெனச்சுக்கிட்டு…”

“வேனுக்குள்ள இருக்கவுக யாரு? அவுகளும் வாத்தியாரா?”

உள்ளே இரண்டு பேர். நரைத்த மீசைக்காரர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் அவளும் பார்த்தாள். அவர்கள் வருவதாக அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தாயின் கைக்குள் இருந்த கை, தாயைப் பிடித்துக்கொண்டது. வேன் கிளம்பிப் போனது.

பஸ் முதலாளியிடம் சின்னம்மா நேரில் போனார். அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். போலீஸுக்குப் போகவில்லை. பெண் பெயர் கெட்டுப்போகும் என்று பயந்தோம். வேறெந்த ஊரில் எந்தத் தெரு முனையில் அவன் வண்டியை நிறுத்தினானோ! அந்த நினைப்பு இன்னும் என்னைத் தூங்க விடுவதில்லை.

பரீட்சை முடிந்து லீவு விடும்வரை தாயே கூடப் போய்வந்தார். பத்தாம் வகுப்புக்கு விருதுநகரில் ஒரு விடுதி. அய்யாவிடம் சொன்ன காரணம், பப்ளிக் பரீட்சை. சேர்க்கப் போன அன்று நானும் போனேன். அவள் என்னோடு பேசி மூன்று மாதமாகியிருந்தது. வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினேன்.

“எல்லாத்தயும் சொல்லிட்டேல்ல அம்மாட்ட?”

“சொன்னேன். ஒம்மேல தப்பில்லன்னும் சொன்னேன்.”

மணி அடித்தது. பெட்டியைத் தூக்கினாள்.

“லெட்டரு போடு. இங்க வார்டன் பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் குடுப்பாகளாம்.”

“படிக்கட்டும்டி.”