கடைக்கு வராத மென்பொருள்

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை. அதனாலோ என்னவோ, எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் முழுக்கப் படிக்காமல் விடமாட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஐடிஐ முடித்த கையோடு அம்பத்தூர் எஸ்டேட்டில், தகட்டை வெட்டி வடிவமைக்கும் அச்சான டை செய்யும் பட்டறையொன்றில் வரைபடம் போடச் சேர்ந்தேன். அங்கே இரும்புத் தகடு இறக்கும் என் நைனாதான் முதலாளியிடம் கேட்டு வேலை வாங்கித் தந்தார். "உன்னால ஒரு பேச்சு வந்துச்சு, அதோட ஊட்ல குந்திக்க வேண்டியதுதான்" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

ஒருநாள் முதலாளியின் மச்சான் ஒரு கட்டு ஃபிளாப்பி கொண்டுவந்தார். வரைபடம் போடும் புது மென்பொருள். இன்னும் கடைக்கே வராத பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு. மச்சானுக்கும் முதலாளிக்கும் பெருமை தாங்கவில்லை. திரையில் ஒரு பக்கம் ஆங்கிலம் வந்தது. மச்சான் அதைத் தள்ளிவிடப் போனார். நான் நிறுத்திப் படித்துச் சொன்னேன்: சோதித்துப் பார்க்க மட்டும்தான், நிஜ வேலைக்குக் கூடாது, எது அழிந்தாலும் அவர்கள் பொறுப்பில்லை, உதவியும் கிடையாது.

"இன்னாமா, வக்கீலுக்குப் பட்சிட்டு வந்துகீறியா?" என்றார் முதலாளி.

"சிகரெட் டப்பாலகூடத்தான் எய்திகீது. எவன் உட்டான் மாமே?" என்று சிரித்தார் மச்சான்.

அதுவரை இருந்த பழைய மென்பொருளை அழித்துப் புதியதைப் போட்டார்கள். அன்றன்றைக்குப் போட்டதைத் தாளில் எடுத்து வைக்கலாமே என்றேன். "பேப்பரு இன்னா உங்கப்பன் ஊட்டுதா?" என்றார் முதலாளி.

ஒரு கம்பெனிக்கான டை வரைபடம் முடிந்து, மறுநாள் அதை வாங்க ஆள் வரவேண்டும். காலையில் கோப்பைத் திறந்தேன். கோடுகள் இருந்தன, அளவுகள் இல்லை. மூடித் திறந்தேன். கோடுகளும் இல்லை. மச்சான் வந்து தட்டிப் பார்த்தார். யாரிடம் கேட்பதென்று அவருக்கும் தெரியவில்லை.

லாரியில் தகடு இறக்கிக்கொண்டிருந்த நைனாவை முதலாளி கூப்பிட்டார். "உம் பொண்ணு எத்தையோ அமுக்கி மொத்தத்தையும் அழிச்சிட்டாய்யா."

நைனா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கைகூப்பினார். "தெரியாம பண்ட்ச்சு சார். இந்த ஒரு தபா மன்ச்சிடுங்க."

"கைய எறக்கு நைனா," என்றேன். "நான் எத்தையும் அழிக்கல. வாணாம்னு அன்னிக்கே சொன்னேன். சொன்னனா இல்லியானு இவரையே கேளு."

மச்சான் ஃபிளாப்பிகளை அவசரமாகப் பெட்டியில் அடுக்கினார்.

"வாயப் பாரு," என்றார் முதலாளி. "போய்க் குந்து. இன்னிக்கே திரும்பப் போட்டுக் குட்த்துட்டுப் போ."

அவர் கணக்கில் கெடுத்தவளும் நான், அதைப் போடத் தெரிந்த ஒரே ஆளும் நான். பையை எடுத்துக்கொண்டேன். நைனாவின் கைகள் இன்னும் கூப்பியபடியே இருந்தன. நானே பிடித்து இறக்கிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பேசாமலே இருக்கட்டும் என்று, திங்கட்கிழமை வேறு வேலை தேடி ரயில் ஏறினேன்.