பூஜ்யமாவது படிக்குக் காவல் நின்றவர்

திலகவதி மலேசியாவின் செரண்டாவில் காலமானதை அவருடைய தம்பி மோகன் செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசியில் உறுதிப்படுத்தினார். நெடுநாள் சிறுநீரக நோய். "அக்கா போயிட்டாங்க அண்ணே" என்றவர், தொடர்ந்து, "அவங்களுக்கு ஒரு கேள்வி வந்து நிக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வேணுமாம். வீட்ல யாருக்கும் புரியல" என்றார்.

திலகவதி முன்பு கோல சிலாங்கூரில் எங்கள் செய்தி அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொண்டவர். பிறகு செரண்டா தொழிற்சாலை ஒன்றில் வேலை. மிஞ்சிய நேரத்தில், பல நாட்டவர் ஊதியமின்றிச் சேர்ந்து எழுதும் ஒரு மென்பொருளுக்கு உழைத்தார். வட்டில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணினி அறிந்துகொள்ளும் ஏற்பாட்டைக் கோப்பு முறைமை என்பார்கள். அதற்கான பழைய விளக்க ஆவணங்கள் தட்டச்சுத் தாள் போல வெறும் எழுத்துகளாகக் கிடந்தன. இது தலைப்பு, இது படி, இது எச்சரிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் குறியிட்டு, எந்தத் திரையிலும் ஒழுங்காகத் தெரியும்படி மாற்றுவது அவர் ஏற்ற பணி.

"நம்ம பத்திரிகை லேஅவுட் வேலை மாதிரிதானேம்மா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதேதான் அண்ணே. நீங்க தப்பா போட்டா மறுநாள் திருத்தம் போட்டுடுவீங்க. நான் தப்பா போட்டா யாரோ ஒருத்தரு டிஸ்க் போயிடும்" என்றார்.

அப்படி ஒரு டிஸ்க் எங்களுடையதாகவே அமைந்தது. மின்தடைக்குப் பிறகு அலுவலக வட்டு திறக்கவில்லை. இடிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை நான் எடுத்த படங்கள் அதில் மட்டுமே இருந்தன. மாற்று வீடு கேட்டு வழக்குப் போட்டிருந்த குடும்பங்களுக்கு அவைதான் சான்று. விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தது. திலகவதிக்குப் பின் எங்களிடம் வந்த சரவணன், அவர் அண்மையில் மாற்றி வெளியிட்ட பழுதுநீக்கும் பக்கத்தைத் திறந்து வேலையைத் தொடங்கினார். பாதியில் உற்சாகமாக அவரையே அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டார்.

"அக்கா, உங்க புது பக்கம் சூப்பர் லா! பார்த்துப் பார்த்து அடிச்சிட்டு இருக்கேன்."

"டிஸ்க்க காப்பி எடுத்துட்டியா?"

"காப்பியா? அப்படி ஒண்ணும் இல்லையே. ஒண்ணு, இணைப்பை எடு. ரெண்டு, சோதிச்சுப் பாரு. இப்ப மூணு, பழுது பார்க்கணும்."

"சரவணா, கீபோர்டுலேருந்து கைய எடு" என்றார் திலகவதி.

"எண்டர் மட்டும்தான் அக்கா..."

"கைய எடுடா!"

மென்பொருள் எழுதுவோர் பூஜ்யத்திலிருந்து எண்ணும் வழக்கமுள்ளவர்கள். பழைய ஆவணத்தில் பூஜ்யமாவது படி இதுதான்: எதையும் தொடுமுன் வட்டை முழுதாக நகலெடு. ஆவணத்தைப் புது வடிவுக்கு மாற்றத் திலகவதி பயன்படுத்திய கருவிக்கோ படிகள் ஒன்றில்தான் தொடங்கும். பூஜ்ய வரியை அது மேலே இருந்த நீண்ட பத்தியின் வாலில் ஒட்டிவிட்டிருந்தது. அதைப் படித்துப் பார்த்து வெளியிட்டவர் திலகவதி.

மோட்டார் சைக்கிளில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து இறங்கியவர் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் நகலெடுக்க உட்கார்ந்தார். வட்டு முனகியது, நின்றது, மறுபடி ஓடியது. "படம் கிடைக்குமா?" என்றேன். "கேக்காதீங்க அண்ணே. எனக்கே தெரியாது."

நகல் முடிந்தது. மூன்றாவது படியை நகலின் மேல் ஓட்டினார். படங்கள் இருந்த இடம் காலியாக வந்தது. அசல் வட்டில் ஓட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். திலகவதி இன்னொரு நகல் எடுத்து வேறு வழியில் முயன்றார். பெரும்பாலான படங்கள் திரும்பின, சில வரவேயில்லை. வந்தவை உரிய நாளில் வழக்கறிஞர் கைக்குப் போயின.

படங்கள் மீண்ட அன்றே அந்த மென்பொருள் குழுவுக்கு அவர் எழுதினார்: "பக்கத்தை மாற்றியதும் நான், வெளியிட்டதும் நான். பார்க்க அழகாக இருந்தது. அதனால் எது போனது என்று தேடவில்லை." பக்கத்தைத் திரும்பப் பெற்றார். அதன் பிறகு கருவியை நம்பாமல், பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து வரி வரியாக ஒப்பிட்டே ஒவ்வோர் அத்தியாயத்தையும் அனுப்பினார். தாமதம் என்று குழுவினர் நெருக்கினார்கள். "பெலான் பெலான், மெதுவாத்தான் வரும். நான் படிக்காம ஒண்ணும் போகாது" என்பார் எங்களிடம். பழுதுநீக்கும் அத்தியாயத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார். மருத்துவமனைக் கட்டிலில் அதை முடித்து, சென்ற வாரம் அனுப்பினார்.

அதைப் பற்றித்தான் மோகன் சொன்ன அந்தக் கேள்வி. வெளிநாட்டிலுள்ள, அந்தக் குழுவின் தொகுப்பாளர் கேட்டிருந்தார்: "நகலெடுக்கும் எச்சரிக்கையை ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தனிப் பெட்டியாக வைத்திருக்கிறீர்கள். ஒரே செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. பதில் இல்லையென்றால் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டு மற்றவற்றை நீக்குகிறேன்."

தகனம் முடிந்து வந்ததும், மோகன் அக்காவின் மடிக்கணினியைச் சரவணனிடம் கொடுத்தார். சரவணன் குளித்த ஈரத்தோடு கூடத்துத் தரையில் உட்கார்ந்து, தம் பெயரிலேயே பதில் எழுதினார். நெடுநேரம் எதையோ எழுதி அழித்துக்கொண்டிருந்தவர், கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: "திலகவதி இன்று எங்களோடு இல்லை. பெட்டிகளை நீக்க வேண்டாம். முதல் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. அவசரத்தில் நேராகப் பழுதுநீக்கும் பக்கத்தைத் திறந்தவன் நான்."

போய் வாருங்கள், திலகவதி. இதை எழுதும்வரை தொகுப்பாளரிடமிருந்து மறுமொழி இல்லை. வெள்ளிக்கிழமை மாலைக்குள் முடிவு தெரியும்.