பில்டர் மறைத்த பெயர்கள்

“இந்தப் பொட்டிய நம்பியா ஆளுங்கள லொறியில ஏத்தப் போற? சரி, பாப்போம் புள்ள” என்றார் பெரிய கிளாக்கர். இலங்கையில் குருவிட்ட பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் நான் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்த புதிது. தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்திலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். சிரித்தேன்.

அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் நிரப்ப, வெள்ளிக்கிழமை ஒருநாள் மட்டும் டவுனுக்கு அதிகாரிகள் வரவிருந்தார்கள். வழியில் சோதனைக்கு நிறுத்துவார்கள் என்று, அட்டை இல்லாமல் பஸ் ஏறவே பயந்த காலம் அது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் தோட்ட லொறியில் இடம். லயம் லயமாகப் போய்ப் பெயர்களை எழுதி வந்து டைப் செய்தேன். நான் எழுதிய கம்ப்யூட்டர் நிரல் அட்டவணையை அமைத்து, வேண்டாத பெயர்களை மறைக்கும் பில்டர் போட்டு, தானே அச்சடித்தும் தந்தது. சுவரில் ஒட்டினேன்.

வியாழன் காலை, அன்றன்றைக்குக் கைக்காசு வாங்கி ரப்பர் பால் வெட்டும் அக்கா ஒருவர் வாளியோடு வந்து நின்றார்.

“எம் பேரு இல்லையாமே தங்கச்சி?”

“நான்தானே அக்கா அடிச்சேன், இருக்கும்.”

இல்லை. அடியில் மொத்தம் அறுபத்தொன்று என்றிருந்தது. எண்ணினால் நாற்பத்துநான்கு. திரையில் பில்டரைக் கழற்றினேன், அக்கா பெயர் வந்தது. அச்சடிக்க நிரலை ஓட்டினேன், காணாமல் போனது. மூன்று தடவை இப்படியே.

“என்னா, ஆளு கண்ணாமூச்சி ஆடுதா?” என்றார் கிளாக்கர்.

நிரலை வரிவரியாகப் படித்தேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுப் பட்டியலுக்கு எழுதியதையே பிரதி எடுத்திருந்தேன். பெரட்டில், சம்பளப் பதிவான செக்ரோலில் நம்பர் இல்லாதவர்களை மறைக்க வேண்டும். கைக்காசு ஆட்களுக்கு நம்பர் கிடையாது. அட்டை இல்லாதவர்களில் அவர்களும் பலர். மறைக்கச் சொன்ன வரி நான் எழுதியது.

அந்த வரியை அழித்துவிட்டு ஓட்டினேன். அப்போதும் நாற்பத்துநான்குதான். நிரல் திறக்கும் மூலக் கோப்பிலேயே பழைய பில்டர் பதிந்து கிடந்தது, முதலில் அதைக் கழற்றும்படி நிரலில் எழுத வேண்டும் என்பதெல்லாம் பல மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்று ஒன்றும் விளங்கவில்லை. அக்கா வாளியைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரிவராட்டி அடுத்த தடவ பாத்துக்கலாம்” என்றார் கிளாக்கர். நான் திரையில் பில்டரைக் கழற்றி, விடுபட்ட பதினேழு பெயர்களையும் கையால் எழுதி, லொறி டிரைவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.