சொந்தக்காரனுக்குப் போடாத மார்க்ஸ்

என் மச்சான், அதாவது என் தங்கையின் கணவர், நேர்மையான மனிதர் என்று ஊர் முழுக்கச் சொல்லும். சொல்லட்டும். அந்தப் பெயர் யாருடைய வயிறெரிச்சலில் வந்தது என்று எனக்குத் தெரியும்.

விஷயம் விளையாட்டு விமானப் போட்டி. சிரிக்காதீர்கள், கத்தாரில் வேலை செய்தபோது பிடித்த பைத்தியம். விமானத்தில் இரண்டு மெல்லிய கம்பிகள் இருக்கும். மறுமுனை நம் கையில். நடுவில் நின்று அதோடு சேர்ந்து நாமும் சுற்ற வேண்டும். முதலில் முழு வேகத்தில் விடுவோம், பிறகு இதோ விழப்போகிறது என்கிற அளவுக்கு மெதுவாக. இரண்டுக்கும் வித்தியாசம் கூடக்கூட மார்க்ஸும் கூடும். கடைசியில் கப்பல் என்று நாங்கள் சொல்லும் நீளப் பலகை மேடையில் இறக்கி, குறுக்கே கட்டிய கயிற்றில் வாலடிக் கொக்கியை மாட்டி நிறுத்த வேண்டும். விமானம் உருளும் மூன்று சில்லும் பலகையில் நின்றால் முழு மார்க்ஸ். ஒன்று வெளியே தொங்கினாலும் பாதிதான்.

இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூட முதலிடம் வந்ததில்லை. சீனி வருத்தமும் தலைச்சுற்றும் சேர்ந்து பிடித்ததில், சுற்றுகிற வேலையே இனி வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இந்த ஒரு போட்டி மட்டும் என்று அவரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். "வயசு போன நேரத்தில ஒங்களுக்கு ப்ளேன் ஒண்டுதான் கொறச்சல்" என்றாள் மனைவி. ஆனாலும் அன்றைக்கு முட்டை பொரித்து வைத்துத்தான் அனுப்பினாள்.

மாவடிப்பள்ளியில் வேளாண்மை வெட்டி முடிந்த வயலில் போட்டி. நடுவர் என் மச்சான். பக்கம் சாயமாட்டார் என்று எல்லோரும் சேர்ந்து பிடித்துப் போட்டது.

என் விமானம் அன்று சொன்னபடி கேட்டது. மெதுச் சுற்றில் காற்று தள்ளியும் விழவில்லை. இறங்கியது, கொக்கி மாட்டியது, நின்றது. ஒரு சில்லு பலகையின் ஓரத்தில். ஓரத்தில்தான், ஆனால் பலகையில்! எனக்குப் போட்டியாக நின்ற மருதமுனைப் புடவைக்கடைக்காரரே வந்து குனிந்து பார்த்து, "மூணும் உள்ளுக்குத்தான் காக்கா, கப் ஒங்களுக்குத்தான்" என்று அண்ணன் முறை சொல்லிக் கையைப் பிடித்தார்.

மச்சான் பாதி மார்க்ஸ் போட்டார். கப் புடவைக்கடைக்காரருக்குப் போனது. அந்த மனிதர் அதை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு மச்சானைத் தனியே பிடித்தேன்.

"சில்லு உள்ளுக்கா வெளியிலயா, நெஞ்சில கைய வெச்சிச் செல்லுங்க."

"உள்ளுக்குத்தான்."

"பொறகென்ன?"

"வேற ஆக்களெண்டா முழுசாப் போட்டிருப்பன். நீங்க என்ட மச்சானெல்லோ? போட்டா ஊர் என்ன கதைக்கும்?"

அட படைச்சவனே! சொந்தக்காரனுக்கு அள்ளிக் கொடுக்கும் நடுவரைக் கேள்விப்பட்டிருக்கிறேன். சொந்தக்காரன் என்பதற்காகவே உள்ளதைப் பிடுங்கும் நடுவர் எங்கள் ஊரில்தான் கிடைப்பார். அவ்வளவு பயமென்றால் முதலிலேயே விலகியிருக்கலாம். விலகினால் நல்ல பெயர் கிடைக்காதே! நான் சலுகை கேட்கவில்லை. அந்நியனுக்குக் கொடுக்கிற நியாயத்தைக் கேட்டேன்.

நோன்புப் பெருநாள் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் என்னைக் கட்டிப்பிடித்தார்.

"மச்சான், மாப்புத் தாங்க. மனசில ஒண்ணும் வெச்சிக்காதீங்க."

பெருநாளன்று மன்னிப்புக் கேட்பவரிடம் இல்லை என்று சொல்ல முடியுமா? "தந்தன்" என்றேன். வாய்தான் சொன்னது.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வாற வருஷம் நான் நடுவரா நிக்க மாட்டன். நீங்க ஆசை தீரப் பறக்க உடுங்க."

நான் தலைசுற்றி விழுந்த அன்று டொக்டரிடம் கூட்டிப் போனவர் அவர்தான். இந்த ஒன்றோடு சரி என்று டொக்டர் சொன்னபோது, பக்கத்துக் கதிரையில்தான் உட்கார்ந்திருந்தார்.