அன்னபூரணி கடைத் தண்ணீர்

வரிச்சிக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி வயல் பக்கம் திரும்பினால் முதல் வீடு அன்னபூரணியுடையது. வீட்டின் முன்னறையில் இட்லிக் கடை வைத்திருந்தாள். கணவர் தெட்சிணாமூர்த்தி கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்த பிறகு அவரால் கனமாக எதையும் தூக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே தேங்காய் துருவுவார், பொட்டலம் கட்டுவார். மற்ற வேலையெல்லாம் அவளுடையது. நடவுக்குப் போகிற பெண்களும், காரைக்காலுக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் காலையில் அவள் கடை முன்னால்தான் நிற்பார்கள். அவளுக்குப் பெரிய குரல். யாராவது சட்னி போதவில்லை என்றால், "இட்லி திங்க வந்தியா, சட்னி குடிக்க வந்தியா?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றுவாள்.

அந்தக் கடைக்கு ஒரு நாள் பிரதீபா வந்தாள். விழிதியூர்க்காரி. காரைக்காலில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் ஆசிரியை, ஒப்பந்த வேலை. வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்று, ஊர் மக்களோடு சேர்ந்து ஆய்வு செய்கிற ஆசிரியர்களுக்குச் சிறிய நிதி கொடுத்துவந்தது. ஆய்வு முடிந்ததும் முடிவுகளை அந்த ஊர் மக்கள் முன்னாலேயே சொல்ல வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வீட்டுக் கைப்பம்புகளின் தண்ணீரைச் சோதிப்பதாக எழுதிப்போட்டு, பிரதீபா அந்த நிதியை வாங்கியிருந்தாள். வாங்கினாளே தவிர, வரிச்சிக்குடியில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது. முதல் நாள் தட்டிய கதவுகளில் பாதி திறக்கவேயில்லை. ஏதோ வரி போட வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள்.

"நான் கூட வரேன், வாங்க டீச்சர்" என்றாள் அன்னபூரணி. "என்னைப் பாத்தா தொறப்பாங்க."

திறந்தார்கள். வியாபாரம் முடிந்த பிறகு, மழைக்கு நடுவே வெயில் அடித்த நாட்களில், தெருத்தெருவாக இரண்டு பேரும் நடந்தார்கள். அன்னபூரணி பம்பை அடிப்பாள், பிரதீபா குப்பியில் பிடித்து எண் ஒட்டுவாள். கல்லூரியிலிருந்து அன்னபூரணிக்குக் கழுத்தில் மாட்டுகிற அடையாள அட்டை ஒன்று கொடுத்தார்கள். படம் போட்ட அட்டை. அதை அவள் கடையில் இட்லி ஊற்றும்போதும் கழற்றவில்லை. தெட்சிணாமூர்த்தி கேலி செய்தார். அவளோ வருகிறவர்களிடம், "பத்தாவதுல நிறுத்துனவளுக்கு இப்பதான் காலேஜ்ல எடம் கெடைச்சிருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள்.

கடைசியாக அவள் வீட்டுப் பம்பிலும் ஒரு குப்பி பிடித்தார்கள்.

மழை விட்டதும் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். வருகிறவர்களுக்குக் கேசரியும் இட்லியும் அன்னபூரணியிடமே சொல்லியிருந்தாள் பிரதீபா. நாற்காலி போதாமல் பலர் நின்றார்கள். திரையில் ஊரின் வரைபடம் வந்தது. நல்ல தண்ணீருக்குப் பச்சைப் புள்ளி, கிருமி உள்ள தண்ணீருக்குச் சிவப்பு. பெயர் எதுவும் போடவில்லை. ஆனால் தெருவும் வளைவும் பஸ் நிற்கும் இடமும் போட்டிருந்ததே. பஸ் நிற்கும் இடத்தை ஒட்டி ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

சிவப்புப் புள்ளி வேறு பல வீடுகளுக்கும் இருந்தது. பின்வீட்டுச் செப்டிக் டேங்குகள் பம்புக்குப் பக்கத்தில் இருப்பதால் மழைக்காலத்தில் இப்படி ஆகிறது, கொதிக்கவைத்தால் ஆபத்து இல்லை என்று பிரதீபா நிதானமாக விளக்கினாள். இட்லி ஆவியில் வேகிறது, அதற்கு ஒன்றும் ஆகாது என்றுகூடச் சொன்னாள். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். எல்லோரும் திரும்பி அன்னபூரணியைப் பார்த்தார்கள்.

அவள் அதற்குள் கேசரித் தட்டுகளோடு வரிசையில் நடந்துகொண்டிருந்தாள். முதல் வரிசையில் ஒருத்தி, "இப்பதான் சாப்புட்டேன் அக்கா" என்றாள். அடுத்தவளுக்குச் சர்க்கரை நோயாம். பின்னால் இருந்தவர்கள் கையை நீட்டவேயில்லை. பிரதீபா ஓடிவந்து ஒரு தட்டை எடுத்து நின்றபடியே தின்றாள். அவளைப் பார்த்தும் வேறு யாரும் எடுக்கவில்லை. இட்லிப் பாத்திரமும் கேசரிப் பாத்திரமும் போன கனத்திலேயே வீடு திரும்பின.

மறுநாள் காலையில் கூட்டம் பாதியாகியிருந்தது. ஒரு வாரத்தில் அதுவும் இல்லை. பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த மதார் சாகிப் மட்டும் சில நாள் வந்தார். பிறகு அவரே வந்து நின்று, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"தங்கச்சி, எனக்கு ஒண்ணும் இல்ல. வீட்ல பேரப்புள்ளைக்கு வயித்தால போச்சு. ஒன் கடைல வாங்குனதாலதான்னு மருமவ சொல்லுது. அப்படி இல்லன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா வீட்ல வேணாங்குறாங்க."

"பரவால்லண்ணே" என்றாள் அன்னபூரணி.

அரசுக் குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்து, குடங்களைக் கடைக்கு முன்னால், எல்லோரும் பார்க்கும்படி இறக்கிவைத்தாள். கடைக்கு அந்தத் தண்ணீர்தான் என்று போகிறவர் வருகிறவரிடம் கத்திச் சொன்னாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் தலையாட்டினார்கள். பம்பை ஆழப்படுத்தலாமா என்று விசாரித்தாள். பக்கத்துத் தெருவில் ஆழமாகப் போட்டவர்களுக்கு உப்புத் தண்ணீர்தான் வந்திருந்தது. பிரதீபா பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்து, பம்பை வேறு இடத்தில் போட ஏதாவது உதவி கிடைக்குமா என்று கேட்டாள். ஆய்வுக்கும் மக்களுக்குச் சொல்வதற்கும்தான் நிதி, கட்டுமானத்துக்கு இடமில்லை என்று அங்கிருந்தவர் பணிவாகச் சொன்னார்.

கோடையில் பிரதீபா மீதமிருந்த சோதனை மருந்துகளை வைத்து அன்னபூரணியின் பம்பை மறுபடி சோதித்தாள். தண்ணீர் சுத்தமாக இருந்தது. அந்த முடிவை அவளே ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொண்டுவந்து கடைச் சுவரில் ஒட்டினாள். அதைப் படித்த ஒருவர், "அப்ப முன்னாடி கெட்டுப்போயிருந்தது நெசந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனாலும் சிலர் திரும்ப வந்தார்கள். நடவுக்காரப் பெண்கள் வந்தார்கள். அன்னபூரணியின் குரல் கொஞ்சம் ஏறியது.

ஐப்பசியில் மழை பிடித்தது. தெரு முழுக்கத் தண்ணீர். பின்வீட்டுச் செப்டிக் டேங்க் மூடி மேல் தண்ணீர் நின்றதைப் பார்த்துவிட்டு வந்த அன்னபூரணி, சுவரிலிருந்த தாளை உரித்தாள்.

"ஏண்டி, அது பாட்டுக்கு இருக்கட்டுமே" என்றார் தெட்சிணாமூர்த்தி. "யாரு கேக்கப்போறா?"

"நல்லாருந்தப்ப ஒட்டுனது. இப்ப நல்லால்ல."

வந்துகொண்டிருந்தவர்கள், தாள் இல்லாததைக் கவனித்தார்கள். தை பிறப்பதற்குள் கடை மூடியாயிற்று.

மாசியில் பிரதீபா வந்தாள். இரண்டாம் கட்ட நிதிக்கு விண்ணப்பம் போடவேண்டும், ஊரிலிருந்து ஒருவரைப் பற்றிப் படத்தோடு எழுத வேண்டும் என்றாள். அடையாள அட்டையோடு அன்னபூரணி பம்பு அடிக்கிற படம் அவளிடம் இருந்தது. அதைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவே அவளுக்கு நேரமாகியிருந்தது.

அன்னபூரணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப கேக்குறீங்க டீச்சர்."

மடித்த புடவையை அன்னபூரணி ஓரமாக வைத்தாள்.

"அந்தப் புள்ளியப் போடறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? போடாதீங்கன்னு சொல்லியிருக்க மாட்டேன். போடத்தான் சொல்லியிருப்பேன். எல்லாரும் குடிக்கிற தண்ணி. ஆனா கேசரி கிண்டியிருக்க மாட்டேன். அன்னைக்கு வீட்லயே இருந்திருப்பேன்."

"தப்புதான்க்கா."

"படத்தைப் போட்டுக்குங்க. கடை மூடுனதையும் சேத்து எழுதுங்க."

பிரதீபா அப்படியே எழுதினாள். கடை மூடியதை விண்ணப்பத்தின் நடுவில் வைக்காமல் முதல் பக்கத்திலேயே எழுதினாள். நிதி வேறு ஒரு கல்லூரிக்குப் போயிற்று. காரணம் எதுவும் வரவில்லை. அவள் எழுதியதால்தான் என்று சொல்லவும் முடியாது. ஜூனில் கல்லூரி அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது. அவள் மறுபடி வகுப்பெடுக்கப் போனாள். வரிச்சிக்குடி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினால் வயல் பக்கம் இல்லாத சன்னலாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

பின்வீட்டுக்காரர்கள் டேங்கைத் தள்ளிக் கட்டுவதாகச் சொன்னார்கள். மகன் வெளிநாட்டிலிருந்து வரட்டும் என்றார்கள். அவன் வந்துவிட்டுப் போயும் விட்டான். கடையின் முன்னறையை வாடகைக்குக் கேட்டு வந்தவன் செல்போன் பழுது பார்க்கிறவன். தெட்சிணாமூர்த்தி சரி என்றார். இப்போது அவர் வாசலில் நாற்காலி போட்டு அந்தப் பையனின் வாடிக்கையாளர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

அன்னபூரணி காரைக்காலில் ஒரு மாணவர் விடுதிச் சமையலறையில் வேலை செய்கிறாள். முதல் பஸ்ஸில் போய் விளக்கு வைத்த பிறகு வருகிறாள். அங்கே சமைப்பவர் வேறொருவர். காய் நறுக்குவதும் பாத்திரம் தேய்ப்பதும் இவளுக்கு. இட்லி மாவு நாகப்பட்டினத்திலிருந்து வாளிகளில் அரைத்தே வந்துவிடுகிறது. அவள் வாளியைக் கழுவி, வெயிலில் கவிழ்த்துவைக்கிறாள்.